திருப்புளியை எடுக்கும் முன்: பழைய மின் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு

டொரொன்டோவில் கிட்டார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். அண்மையில் ஒருவர், தம் மாமனார் விட்டுச்சென்ற 1963ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரை மதிப்பிடச் சொல்லிக் கொண்டுவந்தார். ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வருகிறது என்று முன்பு வேறோர் இடத்தில் அதைக் கொடுத்திருக்கிறார். அங்கே நல்லெண்ணத்துடனேயே மூன்று பிக்கப்புகளையும் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் உறுப்புகள்), குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களையும் புதிதாக மாற்றிவிட்டு, பழையவற்றைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்தக் கரகரப்பு பெரும்பாலும் தூசியால் வருவது. துப்புரவுத் திரவத்தை ஒருமுறை பீய்ச்சி, குமிழை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினாலே நின்றுபோகக்கூடியது. அவரிடம் அந்தக் கிட்டாரின் மதிப்பைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய மின் கிட்டாருக்குச் சந்தையில் கிடைக்கும் விலை, அது எவ்வளவு நன்றாக ஒலிக்கிறது என்பதைவிட, தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்தபடியே எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. ஃபெண்டர் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்யப்பட்டவை, பின் செய்யப்பட்டவை என்று சேகரிப்பாளர்கள் இன்றும் கோடு கிழித்துப் பார்க்கிறார்கள். கிப்சன் நிறுவனம் மிச்சிகனின் கலமசூவில் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கருக்கும் வர்ணப் பூச்சு) லெஸ் பால் மாதிரி, அன்று போதுமான அளவு விற்காததால் கைவிடப்பட்டது. 1966இல் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அதை மார்ஷல் ஆம்ப்ளிஃபையருடன் இணைத்து ஒலிப்பதிவு செய்த பிறகே உலகம் அதைத் தேடத் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 மட்டுமே செய்யப்பட்ட அந்தக் கிட்டார், இன்று சில லட்சம் டாலருக்குக் கைமாறுகிறது.

அதே கிட்டாரை மறுபடி வர்ணம் பூசியிருந்தால் விலை ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது இத்தொழிலில் பொதுவான கணக்கு. ஹெட்ஸ்டாக் எனும் தலைப்பகுதி உடைந்து ஒட்டப்பட்டிருந்தாலும் அப்படித்தான். ஐம்பதுகளின் கிப்சன் கழுத்து ஒரே மஹாகனிக் கட்டையில் செதுக்கப்பட்டு, தலைப்பகுதி 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியின் நட்டுக்காக மரம் குடையப்பட்டிருப்பதும் சரியாக அந்த இடத்தில்தான். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை சரிந்து விழுந்தாலே போதும், அங்கே விரிசல் விடும். நன்றாக ஒட்டப்பட்ட உடைப்பு வாசிப்பவரின் கையிலும் காதிலும் எந்த வேறுபாட்டையும் காட்டாது என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன். ஆகவே, சேகரிப்பதற்காக அல்லாமல் வாசிப்பதற்காகப் பழைய கிட்டார் வாங்க விரும்புகிறவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இத்தகைய, குறையுள்ள, நேர்மையாகக் குறையைச் சொல்லி விற்கப்படும் கிட்டாரைத்தான்.

பழையது என்பதற்காக ஒரு கிட்டார் தானாக நன்றாக வாசிக்க வந்துவிடாது. அக்கால ஃபெண்டர் கழுத்தின் ஃபிங்கர்போர்டு (விரல் பதிக்கும் பலகை) 7.25 அங்குல ஆரத்தில் வளைந்திருப்பதால், தாழ்வாகக் கட்டிய தந்தியை மேல் ஃபிரெட்டுகளில் (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) இழுத்து வளைத்தால் ஒலி அடைத்துப்போகும். ஐம்பதுகளின் கிப்சன் பிக்கப்புகள் மெழுகில் தோய்க்கப்படாதவை. மேடையில் ஒலியைக் கூட்டினால் சில கீச்சிடும். ஸ்ட்ராடோகாஸ்டரில் 1977 வரை மூன்று நிலை ஸ்விட்ச் மட்டுமே தரப்பட்டது. இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கவைக்க விரும்பியவர்கள் ஸ்விட்சை இடைநிலைகளில் பிடித்து நிறுத்திப் பழகினார்கள். தந்தியை முறுக்கும் டியூனர்களின் பிளாஸ்டிக் பிடிகள் சுருங்கி, தொட்டால் உதிரும். ஃபிரெட்டுகளோ தேய்வதற்கென்றே இருப்பவை.

இவை எல்லாவற்றையும் சரிசெய்யலாம். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: செய்ததை நாளை திருப்ப முடியுமா? ஸ்விட்சை ஐந்து நிலையாக மாற்றினால் பழைய ஸ்விட்சைப் பத்திரப்படுத்தி மீண்டும் பொருத்திவிடலாம். தொழிற்சாலையில் மின்கம்பிகளை இணைக்க வைத்த சாலிடர் உருகிவிடும் என்ற இழப்பு மட்டும் இருக்கும். புதிய டியூனர்களுக்காக ஹெட்ஸ்டாக்கின் துளைகளைப் பெரிதாக்கினாலோ, அந்த மரம் திரும்பி வராது. எழுபதுகளில் எத்தனையோ நல்ல கிட்டார்களுக்கு இந்தக் கதி நேர்ந்தது. லெஸ் பாலின் கழுத்தோரத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் ஓரப்பட்டை ஒவ்வொரு ஃபிரெட்டின் நுனியிலும் சிறு மேடாக ஏறி நிற்கும். ஃபிரெட் மாற்றும்போது அந்த மேடுகள் பெரும்பாலும் செதுக்கி எடுக்கப்பட்டுவிடும். அதனால் தேய்வு குறைவாக இருந்தால் மாற்றாமல், சமன்செய்து மெருகேற்றுவதையே விரும்புகிறேன்.

வாங்கப் போகிறவர்கள் வரிசை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அக்கால ஃபெண்டரில் அது கழற்றி மாட்டக்கூடிய ஓர் உலோகத் தகட்டில்தான் இருக்கிறது. பொட்டென்ஷியோமீட்டரின் மேலுள்ள எண்ணில், 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ் தயாரிப்பு. அதற்குப் பின் வரும் இலக்கங்கள் செய்யப்பட்ட ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். கிட்டாரைவிட அதன் உறுப்பு இளையதாக இருந்தால், விற்பவர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். புற ஊதா விளக்கின்கீழ் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சும் பின்னர் பூசியதும் வேறுபட்டு ஒளிர்வதால், ஒட்டுவேலை பெரும்பாலும் தெரிந்துவிடும். அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் வாங்கி வருபவர்கள், பழைய கிட்டார்கள் பலவற்றின் ஃபிங்கர்போர்டில் உள்ள பிரேசில் ரோஸ்வுட் மரத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்: 1992 முதல் அது அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் எல்லை கடந்தால் கிட்டாரையே பறிகொடுக்க நேரலாம்.

வயலின் உலகத்தில் ஸ்ட்ராடிவாரியின் கருவிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கழுத்து மாற்றப்பட்டிருக்கிறது. அதற்காக யாரும் அவற்றைக் குறைத்து மதிப்பிடுவதில்லை. கிட்டார் விஷயத்தில் ஏன் இவ்வளவு கடுமை என்று எனக்கு வருத்தம் உண்டு. கிளாப்டனின் பிளாக்கி என்ற புகழ்பெற்ற கிட்டார், 1970இல் அவர் நாஷ்வில்லில் மலிவாக வாங்கிய ஸ்ட்ராடோகாஸ்டர்களில் மூன்றைப் பிரித்துச் சேர்த்துக் கட்டிய கலப்பு. சேகரிப்பாளரின் அளவுகோலில் அது எதற்கும் தேறாது. ஆனாலும் 2004இல் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது.

சென்ற குளிர்காலத்தில் ஒருவர் 1959ஆம் ஆண்டு லெஸ் பால் ஜூனியரைக் கொண்டுவந்தார். ஃபிரெட் மாற்றினால் விலை குறைந்துவிடும் என்று அஞ்சி, ஆறு ஆண்டுகள் அதைப் பெட்டியைவிட்டே எடுக்கவில்லை. ஃபிரெட்டுகள் தகடாகத் தேய்ந்திருந்தன. அந்த மாதிரியில் ஓரப்பட்டை இல்லை என்பதால், சூடாக்கி ஒவ்வொன்றாக உருவி, அதே அகலமுள்ள புதிய கம்பியைப் பதித்தேன். கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் நட்டைத் தொடவில்லை, சாலிடரைத் தொடவில்லை. பழைய ஃபிரெட்டுகள் இருபத்திரண்டையும் வரிசை மாறாமல் ஓர் உறையிலிட்டு, செய்த வேலையையும் தேதியையும் அதன்மேல் எழுதி, பெட்டியின் உள்ளறையில் வைத்துக் கொடுத்தேன். அவர் பட்டறையிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுத்தான் போனார்.