குவாரண்டைன்: நோயாளிக்கான சொல் அன்று

புதிய வைரஸ் பற்றிய செய்தி வந்ததுமே கூட வந்து நம்மை நடுங்க வைக்கும் சொல் குவாரண்டைன். வெனிஸ் நகரப் பேச்சில் 'குவாரண்டேனா' என்றால் நாற்பது நாள். ஆனால் தொடக்கம் முப்பதுதான். 1377-இல் அட்ரியாட்டிக் கரையின் ரகூசா (இன்றைய துப்ரோவ்னிக்), பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே தங்கியபின்பே நகருக்குள் வரலாம் என்று சட்டம் போட்டது. பின்னாளில் அது நாற்பதாகி, பெயரும் நிலைத்தது.

அப்படி நிறுத்தப்பட்டவர்களை நோயாளிகள் என்று சொல்ல முடியாது. தொற்று இருக்குமோ என்ற ஐயத்துக்கு உரியவர்கள், அவ்வளவே. இந்த வேறுபாடுதான் சொல்லின் உயிர்.

இன்று நாற்பது என்ற கணக்கு இல்லை. கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்ற அதிகபட்சம் எத்தனை நாளாகுமோ, அத்தனை நாள். எபோலாவுக்கு அது 2 முதல் 21 நாள்; ஆகவே 21. கோவிட்டுக்கு 2020-இல் 14. எண்ணத் தொடங்குவது நோயாளியைக் கடைசியாகச் சந்தித்த நாளிலிருந்து. அதிகாரி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அல்ல. இடையில் மறுபடி ஒரு நோயாளியோடு பழகினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சேர்த்து அடைத்தால் பயன் கெடும். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் பயணிகள் அறைக்குள் இருக்க, ஊழியர்கள் அறைகளைப் பகிர்ந்துகொண்டு உணவு கொடுத்து வந்தார்கள். அவர்களிடையே தொற்று பரவியது.

நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். தமிழில் இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்றே எழுதிவிட்டோம். இலங்கையிலும் 'தனிமைப்படுத்தல் ஊரடங்கு' என்றுதான் அறிவித்தார்கள். விளைவு கொடியது. கோவிட் காலத்தில் வாசலில் ஒட்டிய அறிவிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் 'இந்த வீட்டில் நோய்' என்று தெரு ஒதுங்கியது. அந்த அவமானத்துக்கு அஞ்சி, யாரோடு பழகினோம் என்பதையே மக்கள் மறைத்தார்கள். தொற்றுத் தொடரைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போனது.

குவாரண்டைனுக்குத் 'தடைக்காப்பு' பொருந்தும் என்பது எங்கள் கருத்து. அம்மன் கோயிலில் காப்புக் கட்டியபின் ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அறிந்தவர்களுக்குக் 'காப்பு' புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டதும் தடைக்காப்புதான்.

செய்தியில் இப்படி எழுதலாம்: 'தொற்று உறுதியான ஒருவர் மருத்துவமனையில் தனிமைப்படுத்தப்பட்டார், அவரோடு பழகிய ஆறு பேர் 14 நாள் தடைக்காப்பில் உள்ளனர், அவர்களுக்கு அறிகுறி எதுவும் இல்லை.'