கோணேசர் மலை அசையாது, களிமண் அப்படியில்லை

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் மலையைப் பற்றிக் கவலை வேண்டாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகிப்போன பாறை அது. கொட்டியாரக் குடாவின் மறுகரையில் கதை வேறு. மூதூர்ப் பக்கத்துத் தாழ்நிலம் மகாவலி சுமந்துவந்து கொட்டிய மணலும் வண்டலும் களியும். நிலம் மெல்லமெல்ல உட்காருவது இப்படிப்பட்ட இளம் மண்ணில்தான்.

மண்துணிக்கைகளின் இடுக்குகளில் தண்ணீர் இருக்கிறது. மேலேயுள்ள மண், கட்டடம் எல்லாவற்றின் பாரத்திலும் ஒரு பங்கை அந்த நீரின் அழுத்தம் தாங்குகிறது. குழாய்க்கிணறு போட்டு ஓயாமல் இறைத்தால் அழுத்தம் குறையும், பாரம் துணிக்கைகளின் தலையில் விழும். மணல் பெரும்பாலும் சமாளித்துவிடும். மாரியில் நீர்மட்டம் ஏறினால் ஏறத்தாழப் பழைய நிலைக்கே வந்துவிடும். களிமண்ணின் துணிக்கைகளோ நுண்ணிய தட்டுகள். குவித்துப் போட்ட பனையோலைகளை மிதித்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டால், பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் முழுமையாக எழும்பாது. களியிலிருந்து நீர் மெதுவாகவே கசிவதால், இறைப்பதை நிறுத்திய பின்னும் தரை சில காலம் இறங்கிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் மில்லிமீட்டர் கணக்குத்தானே என்று தோன்றலாம். கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் விவசாயத்துக்கு இறைத்ததில், 1925 முதல் 1977 வரை ஓரிடத்தில் தரை 9 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. மெக்சிக்கோ நகரின் சில பகுதிகள் ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் வரை இறங்குகின்றன. டோக்கியோவில் இறைப்பைக் கட்டுப்படுத்திய பிறகு இறக்கம் பெருமளவு நின்றது; தாழ்ந்த இடம் தாழ்ந்ததுதான்.

கழிமுகங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அங்கே வண்டல் தன் பாரத்தாலேயே இறுகும். ஆறு புது வண்டல் கொண்டுவந்து ஈடுகட்டும். மேலே அணைகள் கட்டினால் அந்த மண் நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடும்.

எல்லா இடமும் ஒரே அளவாக இறங்கினால் யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் வெவ்வேறு அளவில் இறங்கும்போதுதான் சுவர் வெடிக்கும், வடிகால் எதிர்ப்பக்கம் சரியும். கடற்கரையில் இன்னொரு சிக்கல்: தரை இறங்கினாலும் கடல் ஏறினாலும் கரையில் நிற்பவருக்கு ஒன்றுபோலவே இருக்கும். துறைமுகத்துக் கடல்மட்டமானியும் தனியாக இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அதற்கு ஜிபிஎஸ் நிலையங்களோ செய்மதி ரேடாரோ வேண்டும்.

சரி, நிலாவெளி மாதிரி மணற்பாங்கான கரையில் அதிகமாக இறைத்தால்? அங்கே முதலில் வரும் ஆபத்து உப்பு. கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதன் மட்டம் 1 மீட்டர் குறைந்தால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் சுமார் 40 மீட்டர் மேலேறக்கூடும். சுவர் வெடிப்பதற்கு வெகுமுன்பே கிணற்றுத் தண்ணீர் கரித்துவிடும்.