ஃபிஸ்டுலாவைத் தினமும் தொட்டுப் பாருங்கள்

திங்கட்கிழமை காலை டயாலிசிஸுக்கு வந்த பெரியவர், சட்டைக் கையை மடித்துவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டினார். ஊசி போடும் முன், டயாலிசிஸுக்காகக் கை ரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்தேன். எப்போதும் விர்ரென்று ஓடும் அதிர்வு இல்லை. ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமும் இல்லை.

“சனிக்கிழமை ராத்திரியே நின்னுபோச்சு சிஸ்டர். திங்கக்கிழமை வரத்தானே போறோம், அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்” என்றார்.

உள்ளே ரத்தம் உறைந்து குழாய் அடைத்திருந்தது. நின்றவுடனே வந்திருந்தால் உறைந்த கட்டியை எடுத்து ஃபிஸ்டுலாவை மீட்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். தாமதமாகிவிட்டதால், அன்றே கழுத்தில் கதீட்டர் என்ற குழாயைப் போட வேண்டியதாயிற்று.

டயாலிசிஸ் எந்திரத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி ரத்தம் வேண்டும். நாம் பேச்சில் நரம்பு என்று சொல்லும் சிரையில் அந்த வேகம் கிடையாது. அதனால் கையில், இதயத்திலிருந்து ரத்தம் வேகமாக வரும் ஒரு தமனியைச் சிரையோடு இணைக்கிறார்கள்; இதுதான் ஃபிஸ்டுலா. தமனியின் வேகத்தில் சிரை பருத்து, சுவர் தடித்து, ஊசி தாங்கும் பக்குவத்துக்கு வரும். பிரெசியா, சிமினோ என்ற மருத்துவர்களின் குழுவினர் 1966இல் வெளியிட்ட இந்த முறைதான் இன்றும் பெரும்பாலோருக்கு முதல் தேர்வு. பக்குவப்பட 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகும். ‘டயாலிசிஸே இன்னும் ஆரம்பிக்கலையே, இப்ப எதுக்கு ஆபரேஷன்?’ என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் கடைசியில் மூச்சு வாங்க வந்து, அவசரமாகக் கழுத்தில் கதீட்டரோடு தொடங்குகிறார்கள்.

அந்தக் கதீட்டரைப் பற்றி எனக்கு எப்போதும் பயம் உண்டு. அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டயாலிசிஸ் தொடங்கியதும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ரத்தத்தில் கிருமி கலந்திருக்கலாம். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். கட்டு நனைந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

ஃபிஸ்டுலா பெரும்பாலும் திடீரென்று கெடுவதில்லை, முன்கூட்டியே சொல்லும். ஊசி எடுத்தபின் 10 நிமிடத்தில் நிற்கும் ரத்தம் அரை மணி ஆகியும் கசிந்தால், மேலே எங்கோ குழாய் குறுகியிருக்கலாம். அதிர்வு குறைந்து வெறும் துடிப்பாக மாறினாலும், கை வீங்கினாலும் அப்படித்தான். விரல்கள் சில்லிட்டு வெளுத்து வலித்தால், கைக்குப் போகும் ரத்தம் போதவில்லை என்று பொருள்.

“அதே இடத்துல போடுங்க சிஸ்டர், அங்கதான் வலிக்கல” என்று பலர் கேட்பார்கள். பாவமாக இருக்கும். ஆனால் ஒரே இடத்தைச் சுற்றிச்சுற்றிக் குத்தினால் சுவர் தளர்ந்து பலூன் போல உப்பும். அந்த உப்பலின் மேல் தோல் மெலிந்து பளபளத்தால், அல்லது பொருக்கு ஆறாமல் இருந்தால், அன்றே காட்டுங்கள். வெடித்தால் ரத்தம் பீறிடும். அப்போது துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடாதீர்கள். கசியும் புள்ளியில் சுத்தமான துணி வைத்து, விரலால் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தபடி ஆம்புலன்ஸை அழையுங்கள். நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

அந்தக் கையில் பிரஷர் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, டிரிப் போடுவது, இறுக்கமான வளையல் எதுவும் கூடாது. இன்னொரு கையும் முக்கியம். பெரியவருக்கு அடுத்த ஃபிஸ்டுலா போட வலது கையை ஸ்கேன் செய்தபோது, பல முறை வார்டில் டிரிப் ஏற்றி முன்கைச் சிரைகள் எல்லாம் கெட்டிப்பட்டிருந்தன. மேல்கையில்தான் இடம் கிடைத்தது. சிறுநீரகம் பழுதானவர் என்று தெரிந்தால், முடிந்தவரை புறங்கையிலேயே ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது காலையிலும் படுக்கும் முன்னும் அவர் மனைவி விரல் வைத்துப் பார்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, “ஓட்டம் குறைஞ்ச மாதிரி இருக்கு சிஸ்டர்” என்றார். உடனே வரச் சொன்னேன். ஸ்கேனில் குறுகல் தெரிந்தது, பலூன் வைத்து விரித்தார்கள். புதன்கிழமை அதே கையில் டயாலிசிஸ் செய்துகொண்டார்.