கடந்துபோனது எந்த ரயில்?

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் எங்கே கிராஸிங் ஆக வேண்டும் என்பதை அமெரிக்க ரயில்வேக்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கால அட்டவணையையும் எழுத்து ஆர்டரையும் நம்பியே தீர்மானித்தன. 1851-ல் ஈரி ரயில்வேயில் சார்லஸ் மைனாட் தந்தியில் கொடுத்த ஆர்டரிலிருந்து வளர்ந்த முறை இது.

அந்த முறையில், அட்டவணைப்படி கீழ்நிலை (முன்னுரிமை குறைந்த) ரயில் லூப்பில், அதாவது பக்கப் பாதையில், ஒதுங்கி வழிவிட வேண்டும். மேல்நிலை ரயில் தாமதமானால், ரயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிஸ்பாச்சர், சந்திக்கும் ஸ்டேஷனை மாற்றி ஆர்டர் சொல்வார். சம்பந்தப்பட்ட ஸ்டேஷன் ஆபரேட்டர்கள் எழுதிக்கொண்டு ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்ல, அவர் தன் புத்தகத்தில் அடிக்கோடிட்டுச் சரிபார்ப்பார். ஆர்டர் முழுமையானது என்று டிஸ்பாச்சர் தரும் 'கம்ப்ளீட்' நேரம் வராமல் தாள் கைமாறக் கூடாது. ஆர்டர் தாளில் இரண்டு வகை: 31-ஆம் படிவத்துக்கு ரயிலை நிறுத்திக் கையெழுத்து வாங்க வேண்டும். 19-ஐ ஓடும் ரயிலுக்கே வளையத்தில் மாட்டி நீட்டலாம். எஞ்சினுக்கு ஒரு நகல், கண்டக்டருக்கு ஒரு நகல்.

தாளில் பிழையே இல்லாதபோதும் விபத்துகள் நடந்தன. கடந்துபோன ரயிலைத் தவறாக அடையாளம் கண்டால் மற்ற எல்லாம் வீண். கூட்டம் மிகுந்தால் ஒரே எண் ரயில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தனி ரயில்களாக, அதாவது செக்‌ஷன்களாக ஓடும். பின்னால் இன்னொன்று வருகிறது என்பதற்கு எஞ்சின் முன்னால் இரண்டு பச்சைக் கொடிகள். இரவில் பச்சை விளக்குகளும். அந்த எஞ்சின் ஒரு நீண்ட ஊதல், இரண்டு குறுகிய ஊதல் கொடுக்கும். லூப்பில் நிற்பவர் இரண்டு குறுகிய ஊதலால் பதில் தர வேண்டும். பதில் இல்லையென்றால் ஊதிய ரயில் நின்று, காரணத்தை அறிந்துகொண்டுதான் நகர வேண்டும். பச்சைக் கொடி இல்லாத கடைசி செக்‌ஷன் போகும்வரை அந்த எண் 'போய்விட்டது' என்று கொள்ளவே கூடாது. வெள்ளைக் கொடி என்றால் அட்டவணையில் இல்லாத எக்ஸ்ட்ரா. ரயில் அதோடு முடிகிறது என்று காட்டும் கடைசிப் பெட்டியின் அடையாளமான மார்க்கரையும் பார்த்தாக வேண்டும். இணைப்பு அறுந்து பாதி ரயில் பின்னால் நின்றிருக்கலாம்.

1918 ஜூலை 9 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் அருகே டச்மேன்ஸ் கர்வ் என்ற வளைவில் நேர்ந்தது இந்தப் பிழைதான். இரட்டைப் பாதை முடியும் இடத்தை அடைவதற்குள் 1-ஆம் எண் ரயில் தங்களைக் கடக்கிறதா என்று 4-ஆம் எண் ஊழியர்கள் கவனிக்க வேண்டியிருந்தது. கண்டக்டர் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். கவனிக்கும் வேலை மற்றவர்களிடம் இருந்தது. காலிப் பெட்டிகளோடு போன ஷன்டிங் எஞ்சினை 1-ஆம் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதி, குறைந்தது 101 பேர் இறந்தார்கள்.

ஆர்டரில் எஞ்சின் எண் எழுதியதே இதற்காகத்தான். அதை எஞ்சின் பக்கவாட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டியிருந்தது. எண், கொடி, மார்க்கர் மூன்றில் ஒன்று கண்ணில் படாவிட்டாலும் பாயின்ட்டை (பாதை பிரியும் இடத்தை) தாண்டாமல் நின்று, ஆபரேட்டரிடம் ரயில் பதிவேட்டைக் கேட்க வேண்டியிருந்தது.