கார்ட்ரிட்ஜ்: தோட்டாவா, பொதியுறையா, ஒலியெடுப்பியா?

பழைய ரெக்கார்டு பிளேயரைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, பெல்ட் மாற்றி, ஓடவும் வைத்துவிட்டவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கார்ட்ரிட்ஜ் மாத்தணும், விலை கம்மியா எது நல்லாயிருக்கும்?" கேட்பவர் மனத்தில் கார்ட்ரிட்ஜ் என்றால் ஊசி. விற்பவர் மனத்தில் அது ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி. வேறு சிலருக்கோ, தட்டின் மேல் நீளும் பிளேயரின் கை (டோன்ஆர்ம்) இருக்கிறதே, அதன் நுனியில் உள்ள முழுத் தலையும் கார்ட்ரிட்ஜ்தான். மூன்றுக்கும் விலை வேறு வேறு. சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டாலே வீண்செலவில் பாதி குறைந்துவிடும்.

இந்தச் சொல்லின் வேர் காகிதத்தில் இருக்கிறது. பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல் 'கார்த்தேஸ்'. அது லத்தீனில் 'கார்ட்டா' ஆனது. காகிதத்தைச் சுருட்டிச் செய்த கூம்புக்கு இத்தாலியர்கள் 'கார்ட்டோச்சோ' என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அதை 'கார்த்தூஷ்' ஆக்கினார்கள், 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் அது 'கார்ட்ரிட்ஜ்' என்று நிலைத்தது. கார்டு, சார்ட், கார்ட்டூன், அட்டைப்பெட்டியைக் குறிக்கும் கார்ட்டன் எல்லாம் ஒரே குடும்பம். நம் வீட்டுச் சொல்லான கடுதாசியும் அந்தக் குடும்பத்தில்தான் சேர்கிறது. போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த அந்தச் சொல் இங்கே கடிதத்தைக் குறிக்கிறது. ஈழத்தில் கடதாசி என்றால் இன்றும் காகிதம்தான்.

ஒருமுறை சுடுவதற்கு வேண்டிய வெடிமருந்தையும் குண்டையும் அளந்து காகிதத்தில் சுருட்டி வைத்த பொட்டலமே முதல் கார்ட்ரிட்ஜ். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைத் துப்பாக்கிக் குழலில் கொட்டவேண்டும். 1857-இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகப் பேச்சு எழுந்து பெரும் கிளர்ச்சிக்கு வித்திட்டதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். அந்தப் பேச்சு அவ்வாண்டு ஜனவரியில் கிளம்பியது கல்கத்தாவை அடுத்த டம்டம் படைமுகாமில். பின்னாளில் கிராமபோன் கம்பெனியின் இசைத்தட்டு ஆலை அமைந்ததும் அதே டம்டம்மில்தான். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் கார்ட்ரிட்ஜ் என்ற சொல்லின் இரு பொருளும் ஒரே ஊரில் வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

காகிதம் போய்ப் பித்தளை உறை வந்தபின்னும் சொல் மாறவில்லை. உள்ளே வேண்டியதெல்லாம் தயாராக அடைத்து, பொருத்தவும் கழற்றவும் தோதாகச் செய்த எந்தச் சிறு உறுப்புக்கும் அது பெயராகிவிட்டது. பேனா மைக்குழல், கேமரா பிலிம், அச்சுப்பொறியின் மைப்பெட்டி என்று பரவியது. ரெக்கார்டு பிளேயரின் கையில் மாட்டும் உறுப்பும் அந்தப் பொருளில்தான் கார்ட்ரிட்ஜ்.

ஆனால் இதற்குள் தீர்ந்துபோகும் பொருள் எதுவும் இல்லை. தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி ஓடும்போது உண்டாகும் நுண்ணிய அசைவை மின்குறியாக மாற்றுவதுதான் இதன் வேலை. மாற்றும் வழி இரண்டு. முதல் வழியில் அசைவு ஒரு படிகத்தையோ பீங்கான் துண்டையோ அழுத்த, அழுத்தத்தால் மின்சாரம் பிறக்கிறது. சமையலறையில் 'டிக்' என்று பொறி தட்டும் கேஸ் லைட்டரில் நடப்பதும் இதுவே. இரண்டாவது வழியில் ஊசித்தண்டின் மறுமுனையில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அது கம்பிச்சுருளுக்கு அருகே ஆட, சுருளில் மின்சாரம் எழும். சுருளையே ஆடவைத்துக் காந்தத்தை நிலையாக வைப்பதும் உண்டு. அது விலை கூடிய வகை, இப்போது நமக்கு வேண்டாம்.

இனித் தமிழ்ச்சொல். 'தோட்டா' துப்பாக்கியோடு ஒட்டிப்போன சொல், இங்கே பொருந்தாது. 'பொதியுறை' அச்சுப்பொறி மைக்குச் சரி. எதையோ பொதிந்து வைத்த உறை என்று அது சொல்வதால் இங்கே தவறான படத்தைத் தருகிறது. 'ஊசி' என்றோ 'முள்' என்றோ மொத்தமாகச் சொல்வது இன்னும் குழப்பம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுக் காலத்தில் எஃகு முள்ளைத் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக மாற்றுவார்கள், அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு அது. ஆங்கிலத்திலேயே இந்த உறுப்புக்கு 'பிக்கப்' என்று இன்னொரு பெயர் உண்டு. அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயர். அந்த வழியில் 'ஒலியெடுப்பி' என்பதே என் தெரிவு. பீங்கான் ஒலியெடுப்பி, காந்த ஒலியெடுப்பி என்று பிரித்துச் சொல்லவும் அது இடம் கொடுக்கிறது. நுனியில் உள்ள வைரத்துக்கு 'ஊசி' போதும். ஆங்கிலத்தில் அதை 'ஸ்டைலஸ்' என்பார்கள். ரோமானியர்கள் மெழுகுப் பலகையில் கீறி எழுதிய எழுத்தாணியின் பெயர் அது. எழுத்தாணி என்றே வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் இது எழுதுவதில்லை, எழுதியதை வாசிக்கிறது. கடையில் கேட்கும்போது மட்டும் கார்ட்ரிட்ஜ் என்றே கேளுங்கள், அங்கே அதுதான் புரியும்.

ஒலியெடுப்பியும் ஊசியும் வேறு என்பது தெரிந்துவிட்டால் முதல் கேள்வி மாறிவிடும்: முழுவதும் மாற்றவேண்டுமா, ஊசி மட்டும் போதுமா? காந்த ஒலியெடுப்பி பெரும்பாலும் கெடுவதில்லை. வைர ஊசி சில நூறு மணி நேரத்திலிருந்து ஆயிரம் மணி நேரம் வரை உழைத்துத் தேயும். அதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். அமெரிக்க ஷூர் நிறுவனம் 2018-இல் இந்தத் தொழிலை விட்டே விலகிவிட்டது. ஆனாலும் அதன் எம்44 ஒலியெடுப்பியை வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. ஜப்பானின் ஜிக்கோ நிறுவனம் அதற்கு மாற்று ஊசி செய்கிறது. பழைய படிக வகை மட்டும் வேறு கதை. அதில் உள்ள ரோஷெல் உப்பு வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் தாங்காது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பல ஆண்டு கிடந்த படிக ஒலியெடுப்பி உயிரோடு இருப்பது அரிது. ஊசி மாற்றிப் பயனில்லை.

பெட்டியோடு ஒலிபெருக்கியும் சேர்ந்து வந்த பழைய பிளேயர்களில் பெரும்பாலும் படிகமோ பீங்கானோதான் இருக்கும். அவற்றில் நல்லது என்று காந்த வகையை மாட்டிவிடாதீர்கள். பீங்கான் வகை தரும் மின்னழுத்தம் அரை வோல்ட் அளவில் இருக்கும். காந்த வகை தருவது ஏறத்தாழ 4 மில்லிவோல்ட். இடையில் அந்தச் சிறு மின்குறியைப் பெருக்கித் தரும் ஃபோனோ முன்பெருக்கி இல்லாவிட்டால் பாட்டு முணுமுணுப்பாகவே கேட்கும், அடிக்குரலும் வராது. கையின் பாரத்தைக் குறைக்க வழியில்லாத பிளேயரானால் மென்மையான காந்த ஊசி வளைந்தே போகும். அவற்றுக்கு ஒரு புதிய பீங்கான் ஒலியெடுப்பியே தக்கது.

ஊசியின் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் பின்முனையில் நகரும் எடை (பின்னெடை) உள்ள கை என்றால் தெரிவு விரிகிறது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 என்ற பிளேயரை எடுத்துக்கொள்ளலாம். 1979-இல் வந்தது. தலை கழற்றக்கூடியது, திருகுத் துளைகளின் இடைவெளி வழக்கமான 12.7 மி.மீ. கை மிகக் கனமும் இல்லை, மிக லேசும் இல்லை. கையின் நிறையும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அதிரவேண்டும். அதற்குக் கீழே போனால் தட்டின் நெளிவுக்கே கை ஆடும். மேலே போனால் பாட்டின் அடிக்குரலோடு மோதும். இந்தக் கைக்கு ஆடியோ-டெக்னிக்கா நிறுவனத்தின் விஎம்95 வரிசைக் காந்த ஒலியெடுப்பிகள் நன்றாகப் பொருந்துகின்றன. விலை குறைந்தவற்றில் நான் முதலில் சொல்வதும் இதைத்தான். காரணம் ஒன்று: வரிசை முழுவதற்கும் உடல் ஒன்றே. இன்று கூம்பு ஊசியோ நீள்வட்ட ஊசியோ உள்ள மலிவான மாதிரியை வாங்கி, பின்னர் கையில் பணம் சேரும்போது நுண்கோட்டு (மைக்ரோலீனியர்) ஊசியை மட்டும் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டும் இப்படித்தான், அதில் விலை கூடிய 2எம் ப்ளூவின் ஊசி ஏறும். இவற்றைவிடவும் மலிவாக வேண்டுமென்றால் ஆடியோ-டெக்னிக்காவின் ஏடி3600எல். கூம்பு ஊசி, 2.5 முதல் 3.5 கிராம் பாரம் கேட்கும், பழைய கீறல் தட்டுகளிலும் தடுமாறாது.

78 சுழற்சித் தட்டுகளுக்கு இந்த ஊசிகள் ஆகா. எல்.பி. ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரான் என்றால் 78-க்கு வேண்டியது அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. திருகு இல்லாமல் நான்கு முனையும் நேரே செருகும் பி-மவுன்ட் கையாக இருந்தால் அதற்கென்று விற்பதைத்தான் வாங்கவேண்டும்.

மாட்டும்போது கம்பி நிறம் பாருங்கள்: சிவப்பும் பச்சையும் வலப்பக்க ஒலிக்கு, வெள்ளையும் நீலமும் இடப்பக்க ஒலிக்கு. ஊசிப்பாரத்தைக் கண்ணளவில் வைக்காமல் சிறு தராசு வைத்து அளந்துவிடுங்கள். தயாரிப்பாளர் 1.8 முதல் 2.2 கிராம் என்று சொல்லியிருந்தால் 2 கிராமில் வைக்கலாம். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மிகக் குறைந்தால் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டுத் துள்ளித் துள்ளி விழும். தட்டு அதில்தான் அதிகம் கெடுகிறது.