ஈரம் தெரியக்கூடாது என்று உடுத்துகிறவர்களுக்கு

சித்திரை வெயில் ஏறினால் தோல் மருத்துவர் அறைக்கு வெளியே நிற்கும் வரிசை நீளும். காரணம் பெரும்பாலும் படர்தாமரை, தோலில் பூஞ்சை படர்வதால் வரும் நோய். தொடையிடுக்கு, பேன்ட் பட்டி அழுத்தும் இடுப்பு, அக்குள், பெண்களுக்கு மார்புக்குக் கீழ்மடிப்பு. வருகிறவர்கள் சொல்வதும் அநேகமாக ஒன்றுதான்: "ஆபீஸ்ல உட்கார முடியல டாக்டர், நாலு பேர் முன்னாடி சொறியவும் முடியல." எத்தனை நாளாக என்று கேட்டால் ஏழு மாதம், எட்டு மாதம் என்பார்கள். அத்தனை மாதமும் என்ன செய்தீர்கள் என்றால் பைக்குள்ளிருந்து மூன்று ட்யூப் வெளியே வரும். மூன்றும் மெடிக்கல் ஷாப்பில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கியவை.

ட்யூபுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் உடுப்பு.

வேலைக்கு என்ன போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டால் பதிலில் கூச்சம்தான் முதலில் வரும். அக்குளில் ஈரம் வட்டமாகத் தெரியும், அதனால் கறுப்பு பாலியஸ்டர் சட்டை. உள்ளே பனியன் தெரியக்கூடாது, அதனால் உடம்போடு ஒட்டுகிற ஸ்ட்ரெச் பனியன். தொப்பை தெரியக்கூடாது, அதனால் ஒரு ஓட்டை கூடுதலாக இறுக்கிய பெல்ட். கால் ஒல்லியாக இருக்கிறது, அதனால் டெனிம் ஜீன்ஸ். சுடிதார் என்றால் உள்ளே லெக்கிங்ஸ், மேலே கிரேப் என்கிற செயற்கை இழைத் துணியை லைனிங்காக வைத்துத் தைத்த டாப்ஸ். வியர்வையை மறைப்பதற்காகப் போட்ட ஒவ்வொன்றும் வியர்வையை உடம்போடு கட்டி வைக்கிறது. அதில் பூஞ்சைக்கு என்ன கொண்டாட்டம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மூடிய டிபன் டப்பாவில் நேற்றைய சோறு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பார்க்கிறவர்கள் அவ்வளவு பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழு மாணவர்களைக் கூச்சம் தரும் டி-ஷர்ட் போட்டு ஓர் அறைக்குள் அனுப்பியது. அறையில் கிட்டத்தட்ட பாதிப் பேராவது சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி. 2000இல் வெளியான ஆய்வு. உங்கள் அக்குளைப் பார்ப்பதாக நீங்கள் நினைக்கும் பக்கத்து இருக்கைக்காரர் அப்போது தன் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டிருப்பார்.

சரி, கூச்சம் போகாது என்றே வைத்துக்கொள்வோம். மறைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

துணியிலிருந்து தொடங்குங்கள். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். பாலியஸ்டர் 0.4 விழுக்காடு. வியர்வை பாலியஸ்டருக்குள் போவதில்லை, தோலுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கிறது. இறுக்கமாக இருந்தால் அங்கேயே நிற்கிறது. நாற்றமும் பாலியஸ்டரில்தான் அதிகம் தங்கும், துவைத்த பிறகும். கடையில் "காட்டன் மாதிரிதான் சார்" என்று தருவது பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன். காலரிலோ பக்கத் தையலிலோ இருக்கும் சீட்டில் விழுக்காடு போட்டிருக்கும், அதைப் படியுங்கள். அதற்காகக் காட்டன் என்றால் எல்லாமே நல்லது என்று தடித்த ஜீன்ஸை எடுத்துவிடாதீர்கள். டெனிமும் பருத்திதான், ஆனால் ஒரு தடவை நனைந்தால் மாலை வரைக்கும் காயாது. தொடையிடுக்குப் படர்தாமரை உள்ளவர் ஜீன்ஸைக் குறைந்தது மூன்று மாதத்துக்கு மறந்துவிட வேண்டும். மெல்லிய பருத்தி பேன்ட், தொடையில் இரண்டு விரல் பிடிக்கிற அளவுக்குத் துணி தளர்ந்து இருக்க வேண்டும்.

ஈரத்தைக் காட்டிக்கொடுப்பது நிறம். சாம்பல், வெளிர்நீலம், பச்சையின் இளம் சாயல்கள் எல்லாம் கோள்சொல்லிகள். வெள்ளை, கருநீலம், சின்னக் கட்டம், பொடிப் பூ போட்டவை காட்டாது. ஆண்கள் சட்டைக்குள் கையில்லாத பனியன் போடுகிறார்கள். அது அக்குளுக்கு ஒன்றும் செய்யாது. அரைக்கை வைத்த மெல்லிய பருத்திப் பனியன் வாங்குங்கள். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் பளிச்சென்று தெரியும், உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கமான நிறம் தெரியாது. மதியம் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். பெண்கள் தையல்காரரிடம் லைனிங் என்ன துணி என்று கேட்டே ஆக வேண்டும். மேல்துணி கைத்தறியாக இருந்து உள்ளே கிரேப் வைத்தால் கைத்தறிக்குக் கொடுத்த பணம் வீண். ஜாக்கெட்டுக்கு டூ பை டூ போதும். அக்குளில் அரை அங்குலம் கூட விடச் சொல்லுங்கள். இறுக்கித் தைத்தால்தான் நறுக்கென்று இருக்கும் என்று அவர் வாதாடுவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது டியோ. நாற்றத்தை மறைப்பது வேறு, வியர்வையைக் குறைப்பது வேறு. கடையில் அடுக்கியிருக்கும் பாடி ஸ்பிரேக்களில் பலவும் வாசனையும் ஆல்கஹாலும் மட்டுமே. வியர்வை குறைய வேண்டுமானால் சீட்டில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் அல்லது அலுமினியம் குளோரைடு என்ற பெயர் இருக்க வேண்டும். அதைக் காலையில் குளித்த ஈரத்தோடு பூசிக்கொண்டு ஓடக்கூடாது. ராத்திரி, படுக்கப் போகும்போது, அக்குள் முழுக்கக் காய்ந்த பிறகு பூசி, காலையில் கழுவ வேண்டும். அலுமினியம் குளோரைடு என்றால் தொடக்கத்தில் தினமும் இரவு, பலன் தெரிந்ததும் வாரத்துக்கு இரண்டு முறை. சவரம் செய்த அன்று வேண்டாம். ஈரத்தோலில் பூசினால் அமிலமாகி எரியும். "ஒத்துக்கல" என்று பாட்டிலைத் தூக்கிப்போடுகிறவர்களில் பலர் ஈரத்தில் பூசியவர்கள்தான்.

அக்குளில் அரிப்பு என்று வந்தால் மருத்துவர் முதலில் இடத்தைப் பார்ப்பார். நடுக்குழியில் சிவந்திருந்தால் சந்தேகம் டியோ மேல். நடுக்குழி தப்பி ஓரங்களில் மட்டும் இருந்தால் துணியின் சாயம். தொப்புளுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்துத் தடித்திருந்தால் பெல்ட் கொக்கி, ஜீன்ஸ் பட்டன்: அதிலிருக்கும் நிக்கல். இவை ஒவ்வாமை. படர்தாமரை மருந்துக்கு இவை போகாது.

இப்போது ட்யூப்.

"பூசினா அரிப்பு நின்னுடுது டாக்டர், நிறுத்தினா திரும்ப வருது." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆகவே விலாவாரியாகவே சொல்கிறேன். அந்த ட்யூபில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே ஒரு ஸ்டீராய்டு. குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன் என்று அட்டையில் எழுதியிருக்கும். அரிப்பை நிறுத்துவது அந்த ஸ்டீராய்டுதான். வீட்டில் நாய் குரைக்கிறது, திருடன் வந்திருக்கிறான். நீங்கள் நாயின் வாயைக் கட்டிவிட்டு "சத்தம் நின்றுவிட்டது, திருடன் போய்விட்டான்" என்று படுத்துக்கொள்கிறீர்கள். அரிப்பு என்பது உடம்பு பூஞ்சையோடு போடும் சண்டை. ஸ்டீராய்டு சண்டையை நிறுத்துகிறது, பூஞ்சை சாவகாசமாகப் பரவுகிறது. படர்தாமரைக்கு அடையாளமே ஓரம் தடித்து நடு தெளிந்த வட்டம்தான்; அது கலைந்துபோகும், இல்லாவிட்டால் வட்டத்துக்குள் வட்டம் முளைக்கும். பிறகு மருத்துவரே பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரியாது. ஓரத்திலிருந்து செதில் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.

அதோடு, பூசுகிற இடம் எது என்று பார்த்தீர்களா? ஒரே ஹைட்ரோகார்ட்டிசோனை முன்கைத் தோல் ஒரு பங்கு உறிஞ்சினால் அக்குள் மூன்றரைப் பங்குக்கு மேல், விதைப்பை 42 பங்கு உறிஞ்சும் என்பது 1967இலேயே அளந்து சொல்லப்பட்டது. அது மிக மென்மையான ஸ்டீராய்டு. உங்கள் ட்யூபில் இருக்கும் குளோபிட்டசால் வீரியத்தில் உச்சப் படி. மாதக்கணக்கில் தொடையிடுக்கில் பூசினால் தோல் காகிதமாகும், பிரசவக் கோடு போல அகலமான கோடுகள் விழும். பூஞ்சையைக் குணப்படுத்தலாம், அந்தக் கோடுகள் போகாது. இருபது வயதுப் பையன்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018இல் பூசும் ஸ்டீராய்டுகள் பதினான்கை மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்கிறார்கள். கேட்கிறோம், விற்கிறார்கள்.

மருந்து எடுக்கும் முறைக்கு வருவோம். 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப்பெயர் வாங்கியிருக்கும் பூஞ்சைதான் இன்று நம் ஊரில் கோலோச்சுகிறது. பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்பட ஒன்றும் இல்லை. பூஞ்சைக்கு வழக்கமாகத் தரும் டெர்பினாஃபின் மாத்திரைக்கு இதில் பல வகை மசிவதில்லை. ஆகவே அண்ணனுக்கு எழுதிய அட்டையில் மிச்சமிருந்ததை நீங்கள் விழுங்காதீர்கள். எந்த மாத்திரை, எத்தனை வாரம் என்பதை ஈரல் நிலையையும் நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் பார்த்துத்தான் எழுத முடியும். கிரீமுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் இரண்டின் விதி என்று ஒன்று சொல்வார்கள்: நாளைக்கு இரண்டு முறை, வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர், தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம். ஒரு நாளைக்கு ஒரு முறை போதுமான கிரீமும் உண்டு, மருத்துவர் சீட்டில் எழுதியபடி பூசுங்கள். அளவு: சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் அரை கிராம், இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குப் போதும். இரண்டு தொடைக்கும் பின்புறத்துக்கும் 15 கிராம் ட்யூபை ஒரு மாதம் ஓட்டுகிறவர் பொட்டு வைத்துக்கொள்கிறார், மருந்து பூசவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை. குளித்ததும் தொடையிடுக்கைத் தனித் துண்டால் ஒற்றித் துடைத்து, காய்ந்த பிறகு உடுத்துங்கள். ஜட்டி, பனியன், சாக்ஸை வீட்டார் துணியோடு ஊறவைக்காமல் 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் தனியாக ஊறவைத்துத் துவையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள், மழைக்காலத்தில் தையல் ஓரங்களில் இஸ்திரிப் பெட்டி படட்டும். அரைஞாண் கயிற்றைக் கழற்றுங்கள். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு. சாமி கயிறு, பாட்டி கட்டியது, எல்லாம் சரி. நாள் முழுக்க நனைந்து கிடக்கும் நூல் அது. குணமானதும் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது அரிப்பு இருந்தால் அவருக்கும் சேர்த்து வைத்தியம், குழந்தை உட்பட. டெட்டால் ஊற்றித் தேய்க்காதீர்கள், ஏற்கெனவே புண்ணான தோல் வெந்துபோகும்.

புடவை கட்டி வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொன்று. நழுவிவிடுமோ என்ற பயத்தில் உள்பாவாடை நாடாவை இறுக்கி, அதே இடத்தில் வருடக்கணக்கில் முடிச்சுப் போடுகிறீர்கள். இடுப்பில் கறுத்து, செதில் உதிர்ந்து, கடைசியில் ஆறாத புண்ணாகி அதில் புற்று வந்த இரண்டு பெண்களைப் பற்றி 2024இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். வேட்டி இறுக்கும் இடத்தில் அதே புற்று வருவதை கனோல்கர், சூர்யாபாய் என்ற ஆய்வாளர்கள் 1945இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். மிக அரிது, பயப்படாதீர்கள். ஆனால் மெல்லிய நாடாவுக்குப் பதில் நான்கு விரல் அகலப் பட்டி வைத்துத் தையுங்கள், முடிச்சின் இடத்தை மாற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். நாடா படும் இடத்தில் மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்கள். இதற்கு மஞ்சள் பூசிக் காத்திருக்க வேண்டாம்.

"ஆபீஸ்ல இதான் போடணும்" என்று சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி: எழுத்தில் இருக்கிறதா? 2019இல் தமிழ்நாடு தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு வந்த உடை ஆணையிலேயே ஆண்களுக்கு வேட்டிக்கு இடம் இருக்கிறது. இறுக்கமான பேன்டை எந்த ஆணையும் கேட்பதில்லை. எழுத்தில் இருக்கிற இடங்களும் உண்டு: ஜவுளிக்கடைப் பெண்களின் சீருடைப் புடவை, காவலாளியின் பாலியஸ்டர் சட்டையும் பூட்ஸும், உணவு கொண்டுவரும் பையன்களின் டி-ஷர்ட். அவர்களைத் திட்டிப் பயனில்லை. சீருடைத் துணியை மொத்தமாக எடுக்கிற நிர்வாகிகளே, மீட்டருக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்துப் பருத்தி அதிகம் கலந்ததை எடுங்கள். ஆளுக்கு இரண்டு செட் கொடுக்கும் இடத்தில் மூன்று கொடுங்கள். இரண்டு செட் என்றால் மழைநாளில் அரைஈரத்தோடுதான் போட்டுக்கொண்டு வருவார்கள்.

கடைசியாக, மருத்துவரைப் பார்க்க வரும்போது. கூச்சத்தில் கையிலிருக்கும் வட்டத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகாதீர்கள், தொடையில் இருப்பதையும் சொல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். வருவதற்கு முன் ஒரு வாரமாவது எதையும் பூசாமல் இருக்க முடிந்தால் நல்லது. இதுவரை பூசிய ட்யூப்களை, காலியானதாக இருந்தாலும், எடுத்து வாருங்கள். தூக்கிப்போட்டுவிட்டால் அட்டைப்பெட்டியையாவது. "மஞ்சள் மூடி போட்ட வெள்ளை ட்யூப்" என்று சொன்னால் எங்களுக்கும் தெரியாது.