வினிகர்தானே என்று ஊற்றாதீர்கள்

இந்தப் பருவத்தில் இது மூன்றாவது தட்டு. கனடாவின் ஒன்டாரியோவில் மேப்பிள் மரத்தின் இனிப்புச் சாற்றைச் சிரப்பாகக் காய்ச்சும் தட்டுகளுக்கு வெல்டிங் வைப்பதும் சுத்தம் செய்து கொடுப்பதும்தான் என் பிழைப்பு. மூன்றும் ஒரே கதை. பழைய பண்ணை ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது, அடியில் கெட்டியான படிவத்தைப் போக்க வினிகர் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்தது, அப்புறம், "மூலையில ஒழுகுது, பத்து நிமிஷ வேலைதானே?"

மூன்றாமவர் கும்பகோணத்துக்காரர், ஓய்வு பெற்றவர். "வினிகர் சாப்பாட்டுல சேக்கறதுதானே தம்பி, அது என்ன பண்ணும்?"

வினிகர் ஒன்றும் பண்ணாது சார், அது கரைத்து எடுத்துவருவதுதான் பண்ணும் என்றேன். தட்டைக் கவிழ்த்துக் காட்டினேன். மடிப்பு நெடுக மங்கிய சாம்பல் நிறத்தில் பற்றாசு, அதாவது தகடுகளை ஒட்டவைக்க உருக்கி ஊற்றும் உலோகம்; அதில் ஊசித் துளைகள். ஈயம் சோதிக்கும் குச்சியைத் தேய்த்ததும் முனை சிவந்துவிட்டது.

"ஈயச் சொம்புல ரசம் குடிச்சு வளந்தவன் நான்" என்று சிரித்தார்.

இந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. ரசச் சொம்பு வெள்ளீயம். பழைய தட்டின் பற்றாசில் இருப்பது காரீயம். பெயரில் பாதி ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. வெள்ளீயத்தில் புளித்தண்ணீர் கொதித்தால் ரசம். காரீயத்தில் புளிப்பு பட்டால் நஞ்சு. குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் பதம் பார்க்கும். (சொம்பிலேயே காரீயம் கலந்து விற்பவர்கள் உண்டு, அது தனி வழக்கு.) ஏறக்குறைய 40 லிட்டர் சாறு சுண்டித்தான் ஒரு லிட்டர் சிரப். தண்ணீர் ஆவியாகும், காரீயம் ஆகாது. 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய தட்டு என்றால், சோதித்துப் பார்க்கும்வரை காரீயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

"பழசைச் சுரண்டிட்டுப் புதுப் பற்றாசு போடேன்?" போடலாம், ஆனால் மடிப்புக்குள் புகுந்த காரீயம் முழுதாக வெளியே வராது. அதனால் அந்த வேலையை நான் எடுப்பதில்லை. திட்டினாலும் சரி.

உங்களுடையது பற்றாசே இல்லாமல், தகட்டையே உருக்கி இணைக்கும் டிக் வெல்டிங் முழுக்கச் செய்த எவர்சில்வர் தட்டா? அப்படியானால் வினிகர் தாராளமாக ஊற்றலாம். அந்தப் படிவம் அழுக்கு அல்ல, மரத்திலிருந்தே வரும் கால்சியம் மாலேட்; இங்கே சர்க்கரை மணல் என்பார்கள். வெதுவெதுப்பான வினிகரில் ஓர் இரவு ஊறினால் மெத்தென்று கழன்றுவரும். பருவக் கடைசிச் சாற்றைத் தட்டிலேயே புளிக்கவிடும் பழைய விவசாயிகளின் வழியும் எவர்சில்வருக்குச் சரிதான். துத்தநாகம் பூசிய தட்டில் எந்தப் புளிப்பும் வேண்டாம், பூச்சே போய்விடும்.

கழுவும் அமிலம் என்று கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக்கைத் தொடாதீர்கள். எவர்சில்வரில் அம்மைத் தழும்பு விழும். வினிகரோடு பிளீச் சேர்த்தால் குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும். இரும்புக் கம்பி பிரஷ்ஷைத் தூக்கி எறியுங்கள். அது விட்டுப்போகும் துகள் துருப்பிடிக்கும், கீறலில் அடுத்த வருஷப் படிவம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நன்றாக அலசி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்து வையுங்கள். உறைந்தால் மடிப்பு பிளக்கும். காய்ச்சும்போது சாறு ஓர் அங்குலத்துக்குக் கீழே இறங்காமல் தயவுசெய்து பக்கத்திலேயே நில்லுங்கள். போன் பேசப் போய்த் தட்டைக் கருக்கிக் கொண்டுவருபவர்களிடம் கேட்க எனக்குக் கேள்வியே இருப்பதில்லை.

கும்பகோணத்துக்காரர் கடைசியில் சமாதானமாகி, தட்டில் பூச்செடி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கீரை வேண்டாம் சார், பூ மட்டும் என்றேன். வண்டியில் ஏறப்போனவர் திரும்பி வந்து, "போன வருஷம் காய்ச்சினது எட்டு பாட்டில் இருக்கே?" என்றார். ஆய்வகத்துக்கு அனுப்பாமல் ஒரு சொட்டும் தொடாதீர்கள் என்றேன்.

"ரெண்டைப் பேத்திக்குக் குடுத்துட்டேனே" என்று அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட ஆரம்பித்தார்.